ஊர் வெப்சைட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த என் கணவரை வழியில் இரண்டு பேர் நிறுத்திச் சொன்னார்களாம், "டீச்சர் வெப்சைட்ட அவன்ட கையில இருந்து பறிச்சு எடுத்துட்டாவாமே, நல்ல வேலை" என்று. பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் "பறிச்சு" என்ற சொல் இத்தனை நாளாக எனக்குள் கிடந்து குத்துகிறது. யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. நடந்ததை நானே எழுதிவிட்டால் ஊரில் சுற்றும் கதை கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்த் தளத்தை 2014இல் தொடங்கியவர் அப்போது கட்டாரில் வேலை பார்த்த நம் ஊர்த் தம்பி ஒருவர். பெயர் எழுதவில்லை, ஊருக்குத் தெரியும். இதைச் செய் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சொந்தக் காசில் டொமைன் வாங்கினார், ஹோஸ்டிங் எடுத்தார். லீவில் வந்தால் மற்றவர்கள் கலியாண வீடு, விருந்து என்று திரிவார்கள். இவர் புத்தளம், கல்பிட்டி, கொழும்பு என்று அலைந்து பெரியவர்களின் அலுமாரிகளைத் திறக்கச் சொல்லிப் பழைய படங்களை ஸ்கேன் செய்து கொண்டிருப்பார். பாடசாலைச் சேர்வு இடாப்பில் எப்படியோ தப்பிய சில பக்கங்கள், இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள், பள்ளிவாசலின் பழைய கட்டடம் தெரியும் ஒரே ஒரு படம் எல்லாம் அப்படி வந்தவைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது எந்த ஒழுங்கையில் எந்தக் குடும்பம் இருந்தது என்ற பட்டியல்.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த எண் புத்தகங்களில் இருக்கிறது, யாரும் அழிக்க முடியாது. ஆனால் "மூன்றாம் ஒழுங்கை, பொதுக் கிணற்றுக்குக் கிழக்கே இரண்டாவது வீடு, இன்னார்" என்று எழுதியிருந்த இடம் உலகத்திலேயே அந்தத் தளம் ஒன்றுதான். மீளக்குடியேற வந்தவர்களில் பலரிடம் காணி உறுதி இல்லை, கடலோடு போனது போனதுதான். கிராம சேவகரிடம் பேசப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்சடித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். சட்டப்படி அது ஆதாரமா என்பது வேறு. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அதுவும் ஒரு தாள்.

நான் 2018இலிருந்து அந்தத் தளத்தில் எழுதுகிறேன். ஜனாஸா அறிவித்தல், புலமைப்பரிசில் பெறுபேறு, பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர்க் கதைகள். எனக்குத் தம்பி தந்திருந்தது 'எடிட்டர்' உரிமை. எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தலாம், படம் ஏற்றலாம். ஆனால் புதிய ஆளைச் சேர்க்க முடியாது. மென்பொருளைப் புதுப்பிக்க முடியாது. எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கி எடுத்து வைக்கவும் முடியாது. வாடகை வீட்டில் சுவருக்கு வெள்ளையடிக்கலாம், கதவுப் பூட்டை மாற்ற முடியாது என்பது மாதிரி. அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. கல்வியியல் கல்லூரியில் நான் படித்தது தமிழ், கணினி அல்ல. உள்ளே போக முடிந்தது, அதுவே போதும் என்றிருந்தேன்.

இந்த வருடம் ரமழானுக்கு முன்பு என் மாணவி ஒருத்தியின் உம்மா போன் எடுத்தார். "டீச்சர், நம்மட சைட்ட என்ட போன்ல தொறந்தா சூதாட்டம் வருது. புள்ளையள் பாக்குதுகள்." என் லெப்டொப்பில் திறந்தால் ஒன்றுமில்லை. அவருக்குத்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகு போனில் கூகுளில் தேடி அந்த வழியாக உள்ளே போனேன். கசினோ விளம்பரம். இப்படித்தான் செய்வார்களாம். நேராக முகவரி அடித்து வருபவருக்கு, அதாவது தளத்தைப் பராமரிப்பவருக்கு, ஒன்றும் காட்டாது. தேடி வரும் வெளியாளை மட்டும் திருப்பி அனுப்பும். பல வருடம் புதுப்பிக்காத ஒரு பிளகின் வழியாக யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். பள்ளிவாசலின் பழைய படத்தைத் தேடி வந்தவர்களை எத்தனை மாதம் சூதாட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோமோ, அல்லாஹ்தான் அறிவான்.

சரிசெய்ய அட்மின் வேண்டும். அட்மின் தம்பி ஒருவர்தான். அவருடைய கட்டார் இலக்கம் வேலை செய்யவில்லை. கொரோனா நேரத்தில் அந்த வேலை போய், வேறு நாட்டுக்கு மாறியிருந்தார். டொமைன் எப்போது முடிகிறது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம், பார்த்தேன். 2014இல் பத்து வருடத்துக்கு ஒரேயடியாகக் காசு கட்டியிருந்தார். அந்தப் பத்து வருடம் முடிய நான்கு மாதம்தான் இருந்தது. பிறகு தெரிந்த இன்னொரு விஷயம் இதைவிட மோசம். பதிவில் அவர் கொடுத்திருந்தது பழைய கம்பனியின் ஈமெயில் முகவரி. "உங்கள் டொமைன் முடியப்போகிறது" என்ற கடிதங்கள் எவராலும் திறக்க முடியாத ஒரு பெட்டிக்குத்தான் போகும்.

டொட் கொம் பெயர்களுக்கு விதி இப்படி. முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புவார்கள். முடிந்த பிறகு பொதுவாகச் சில வாரம் தவணை தருவார்கள். அதுவும் போனால் 30 நாள், கூடுதல் காசு கட்டி மீட்கலாம். பிறகு 5 நாள். அதோடு அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும், உலகத்தில் எவரும் வாங்கலாம். பத்து வருடம் மக்கள் வந்துபோன முகவரி என்றால் வாங்குவதற்கென்றே ஆட்கள் காத்திருப்பார்கள், பெரும்பாலும் இதே சூதாட்டக்காரர்கள்.

காணியில்கூட நமக்கு இதைவிடக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. பத்து வருடம் இன்னொருவர் ஆண்டால் காணி அவருக்கு என்ற கணக்கு நம்மைப்போல் துரத்தப்பட்டவர்களுக்கு அநியாயம் என்று பார்த்து, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவால் தன் காணிக்கு வர முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணாமல் விட அது வழி செய்தது. டொமைனுக்கு எந்தப் பாராளுமன்றமும் அப்படிச் செய்யப்போவதில்லை.

இனி நான் விட்ட பிழை. ஊர் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். "தம்பியின் புது இலக்கம் யாரிடமாவது இருக்கிறதா? வெப்சைட்டில் பிரச்சினை, அவரிடம் மட்டும்தான் பாஸ்வேர்ட் இருக்கிறது." இவ்வளவுதான் எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் "ஊர்ச் சொத்த புடிச்சி வெச்சிருக்கான்" என்று ஒருவர். "பொலிஸ்ல போடணும்" என்று இன்னொருவர். ஊர்ப் பெயரைச் சொல்லி வெளிநாட்டில் காசு சேர்த்தார் என்று மூன்றாமவரின் குரல் பதிவு. அவரிடம் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. எனக்கு இலக்கம் கிடைப்பதற்கு முன்பே இதெல்லாம் ஸ்கிரீன்ஷொட்டாக அவரிடம் போய்விட்டது. நான் ஸலாம் சொல்லி எழுதியதும் வந்த பதில்: "ராத்தா, பத்து வருஷம் ஊர்க்கிட்ட ஒரு சதம் கேக்கல. இப்ப நான் கள்ளனா?" அதோடு ஆறு வாரம் பேச்சே இல்லை.

அந்த ஆறு வாரத்தில் இப்படி வேறு எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் நடந்திருக்கிறது, 2008இல். டெரி சைல்ட்ஸ் என்பவர் நகர நிர்வாகத்தின் கணினி வலையமைப்பைக் கட்டிய பொறியியலாளர். காரியாலயங்களின் பெரும்பாலான தரவுகள் அந்த வலையமைப்பு வழியாகத்தான் ஓடின. அதன் கடவுச்சொற்கள் அவரிடம் மட்டும் இருந்தன. மேலதிகாரிகள் கேட்டபோது தர மறுத்தார், இவர்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் பக்க நியாயம். ஜூலை 12ஆம் திகதி கைதானார். பிணைத் தொகை 50 இலட்சம் டொலர். கடைசியில் ஜூலை 21ஆம் திகதி நகர மேயர் கவின் நியூசம் சிறைக்கே நேரில் போனார், அவர் கையில் மட்டும் கொடுத்தார். 2010இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி நான்கு வருடத் தண்டனை.

இதில் என்னை யோசிக்க வைத்தது தண்டனை அல்ல. அந்த நாட்களில் வலையமைப்பு ஒரு நிமிடமும் நிற்கவில்லை. சம்பளம் போனது, கோப்புகள் போயின, எல்லாம் வழமைபோல ஓடின. உள்ளே போய்க் கைவைக்கத்தான் வேறு யாராலும் முடியவில்லை. நம் தளமும் அப்படித்தான் பல வருடம் ஓடியது. ஓடுகிறது என்பதால் யாரும் கேட்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கேட்கவில்லை, பழைய மாணவர் சங்கம் கேட்கவில்லை, ஆறு வருடம் அதில் எழுதிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் ஜும்ஆவுக்குப் பிறகு சதக் கணக்கில் வாசிக்கிறோம். வெப்சைட்டுக்கு யார் காசு கட்டுகிறார் என்று பத்து வருடத்தில் ஒருவரும் எழும்பிக் கேட்டதில்லை. ஓசியில் கிடைத்ததற்குக் கணக்கு எதற்கு என்றுதானே?

சும்மா இருக்கவும் முடியாது. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த இரண்டு மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சேமித்தோம். முதலில் அந்தப் பட்டியல், பிறகு படங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு உலகத்து இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கிறது. அதில் தேடியபோது நம் தளத்தின் சில பக்கங்களும் இருந்தன. எல்லாம் இல்லை, ஆனால் கண்டதும் அந்தப் பிள்ளைகள் கத்திய கத்தில் என் மாமியார் ஓடி வந்துவிட்டார்.

ஆறாம் வாரம் நானும் கணவரும் புத்தளம் போனோம். மதவாச்சி, அனுராதபுரம் சுற்றித்தான் பஸ். (அந்தப் பாதைக் கதை தனிப் பதிவு.) தம்பியின் உம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பாஸ்வேர்ட் பற்றி நான் வாயே திறக்கவில்லை. குரூப்பில் வந்த பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு வைத்தார். பிறகு அவராகவே மகனுக்கு வீடியோ கோல் எடுத்து, "உன்ட ராத்தா வந்திருக்கா, பேசு" என்று போனை என் கையில் தந்தார்.

அப்போதுதான் அவர் ஏன் சாவியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. பெருமைக்காக அல்ல. 2019இல் ஒருவர் அவருக்கு எழுதி, பட்டியலில் ஒரு குடும்பத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார், காணிப் பிரச்சினைக்காக. இவர் மறுத்துவிட்டார். "ராத்தா, கமிட்டிக்குக் குடுத்தா இந்தக் கமிட்டி ஒண்டும் செய்யாது. அடுத்த கமிட்டி வந்து பட்டியல மாத்தும். அதுக்கடுத்த கமிட்டி அவங்கட ஆக்கள மட்டும் வெக்கும். நான் வெச்சிருந்தா அப்படியே இருக்கும்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நம் கமிட்டிகளை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது கஃபாவின் சாவி ஞாபகத்துக்கு வந்தது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமே சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் சூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனம் அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது என்று தப்ஸீர்களில் படித்திருக்கிறோம். அந்தக் குடும்பத்திடம்தான் இன்றுவரை சாவி. சாவி கையில் இருப்பதால் கஃபா அவர்களுடையது என்று அவர்களும் சொன்னதில்லை, வேறு யாரும் நினைத்ததுமில்லை. 2024 ஜூனில் சாவிக்காப்பாளர் மௌத்தானபோது யார் அடுத்தவர் என்று தேடி அலையவில்லை, அதே குடும்பத்தில் அடுத்தவருக்குப் போனது.

ஆகவே சாவி ஒருவரிடம் இருப்பது குற்றமில்லை. யாரிடம் இருக்கிறது, அவருக்குப் பிறகு யாரிடம் போகும் என்பது ஊருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிழை. தம்பிக்கு அங்கே ஏதாவது நடந்திருந்தால்? அல்லாஹ் காப்பாற்றுவானாக. அவருடைய உம்மாவுக்கு அந்த டொமைன் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் பயந்தது கெட்ட கமிட்டிக்கு. அந்தப் பட்டியலை அழிக்கக் கெட்ட கமிட்டிகூடத் தேவைப்படவில்லை, பூட்டிப்போன ஒரு ஈமெயில் பெட்டி போதுமாயிருந்தது. இதை அவருக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். கேட்டுவிட்டு மறுநாள்தான் பதில் போட்டார். "சரி. ஆனா எப்படி வெக்கிறதெண்டு முதல்ல பேசுவம்."

பேசி முடிவானது இது. சாவி மூன்று பேரிடம் இருக்கும். கமிட்டியின் பெயரில் அல்ல, எந்த ஒருவர் பெயரிலும் தனியாக அல்ல. தளத்துக்கென்றே ஒரு ஈமெயில், அதை மூன்று பேராலும் திறக்க முடியும். பட்டியலில் மாற்றம் செய்தால் பழையதை அழிக்காமல், என்று, யார் சொல்லி மாற்றியது என்று கீழே எழுத வேண்டும். பட்டியல் முழுவதையும் அச்சடித்துக் கட்டி ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று பள்ளிவாசலுக்கு. இன்னொரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பது. 2005இல் சில தன்னார்வலர்கள் தொடங்கிய இணைய நூலகம் அது. ஆரம்பித்தவர்களின் கையை விட்டு ஒரு நிறுவனமாக மாறியதால்தான் இன்றும் நிற்கிறது. நம் சமூகத்தின் ஆவணங்களும் அதில் இருக்கின்றன. தாளில் இரண்டு இடத்தில், இணையத்தில் இரண்டு இடத்தில் இருந்தால் எந்தக் கமிட்டி வந்தாலும் ஒரு பெயரைச் சத்தமில்லாமல் எடுக்க முடியாது. தம்பி இத்தனை வருடம் தனியாகச் செய்த காவலை இனி பிரதிகள் செய்யும்.

பிறகு கைமாற்றும் வேலை. இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

முதலில் டொமைன். மற்றதெல்லாம் வீடு என்றால் இது உறுதி. டொமைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான் கம்பனி எதையும் மாற்றும். நூறு பேர் கையெழுத்துப் போட்டு மகஜர் அனுப்பினாலும் அசையாது. பழைய ஈமெயில் செத்துப்போனதால் தம்பி தன் பாஸ்போட் பிரதியை அனுப்பி, கிழமைக் கணக்கில் எழுதி, முகவரியை மாற்ற வேண்டி வந்தது. வேறு வழியே இல்லை. அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் இந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள், பெயரை மாற்றியதும் வேறு கம்பனிக்குக் கொண்டுபோக நினைத்தால் பொதுவாக 60 நாள் பூட்டு விழும். ஆகவே அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகச் செய்யாமல், இருக்கும் இடத்திலேயே பெயரையும் ஈமெயிலையும் மாற்றி, காசைக் கட்டிப் புதுப்பித்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

அடுத்தது ஹோஸ்டிங். அதன் காசு வருடா வருடம் அவருடைய வங்கி அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்தது, அவரே மறந்திருந்தார். ஹோஸ்டிங் கைக்கு வந்தால் தளத்தின் அட்மின் பாஸ்வேர்ட் தொலைந்திருந்தாலும் கவலையில்லை, உள்ளே தரவுத்தளத்தில் அட்மினின் ஈமெயிலை மாற்றிப் புதுப் பாஸ்வேர்ட் எடுக்கலாம். மறுபக்கம் அப்படியில்லை. அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் கையில் இருந்து டொமைனும் ஹோஸ்டிங்கும் இல்லையென்றால் நாம் இன்னும் வாடகைக்காரர்தான்.

கடைசியாகத் தளம். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு அட்மின்கள். ஒருவர் தம்பி. ஒன்று அவர் ஆரம்பத்தில் சோதனைக்குப் போட்டது. மற்ற இரண்டும் யாரென்று அவருக்கும் தெரியாது. சூதாட்டக்காரர்கள் தங்களுக்கும் ஒரு சாவி வெட்டி வைத்திருந்தார்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துவிட்டு அவர்களை நீக்கினோம். மென்பொருளைப் புதிதாகப் போட்டோம், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். பிரதி எடுப்பதை லேசாக நினைக்காதீர்கள். 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினியையே ரன்சம்வெயார் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச ஈமெயில்கள் பிரதி இல்லாமல் போயின. அமைச்சரவைக் காரியாலயமும் அதில் அடக்கம்.

அந்த இரண்டு பேரை நீக்கும்போது தளம் ஒரு கேள்வி கேட்டது. இந்த ஆள் எழுதியவற்றை என்ன செய்வது, எல்லாவற்றையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? யாரை நீக்கினாலும் இப்படிக் கேட்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர், "அவன்ட பெயரையும் அப்படியே எடுத்துருங்க டீச்சர், இனி ஊர் சைட்தானே" என்றார். தம்பி ஏற்றியவை முந்நூறுக்கும் மேல். அந்தப் பட்டியலும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தெரியாத ஒருவர் 'அழி' என்பதைத் தட்டினால் 1990ஆம் ஆண்டின் ஒழுங்கைகள் அனைத்தும் ஒரு நொடியில் போய்விடும். 'மாற்று' என்று தட்டினால் பட்டியல் இருக்கும், ஆனால் அதை நானோ கமிட்டியோ தொகுத்ததாகக் காட்டும். எனக்கு முதலாவதைவிட இரண்டாவது சின்னக் குற்றமாகத் தெரியவில்லை. அந்தத் திரையை மூடிவிட்டேன். பெரியவருக்கு என்மேல் கோபம், இன்னும் ஆறவில்லை.

மூன்று சாவியில் ஒன்று தம்பியிடமேதான் இருக்கும். இதைச் சிலர் ஏற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு ஏன் இந்தப் பாடு என்கிறார்கள். அவரை வெளியே போடுவதற்கு இந்தப் பாடு படவில்லை. அவர் தனியாக இருந்தார், இப்போது தனியாக இல்லை, அதற்குத்தான். அவர் கையில் இருப்பதில் உங்களுக்குச் சந்தேகம் என்றால் மற்ற இரண்டு பேர் இருக்கிறார்கள், மற்ற இரண்டு பேரில் சந்தேகம் என்றால் அவர் இருக்கிறார்.

பக்கத்து ஊர்களில் பேஸ்புக் பேஜ் மட்டும் வைத்திருக்கும் பள்ளிவாசல்கள், விளையாட்டுக் கழகங்கள், ஜனாஸா அறிவித்தல் பேஜ்கள் இருக்கின்றன. முழுக் கட்டுப்பாடு யாரிடம் என்று இன்றைக்கே பாருங்கள். ஒருவர் மட்டும் என்றால் இன்னொருவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நல்லுறவு இருக்கும்போதே கேளுங்கள், குரூப்பில் கேட்காதீர்கள், நேரே போய்க் கேளுங்கள். புதிதாகத் தளம் தொடங்கும் பாடசாலைகள் டொட் கொம்முக்குப் போகாமல் நம் நாட்டு டொட் எல்கே பதிவகத்தில் பாடசாலைகளுக்கென்றே உள்ள வகையில் எடுக்கலாம். அதைப் பாடசாலையின் பெயரிலேயே எடுங்கள், ஆசிரியரின் பெயரில் வேண்டாம். நமக்கு இடமாற்றம் வரும். வருடாந்தக் கட்டணத்தை யாருடைய சட்டைப் பையிலும் விடாமல் வரவு செலவில் ஒரு வரியாகப் போடுங்கள்.

நம் ஊரில் இன்னும் ஒரு வேலை மீதி இருக்கிறது. ஒரு சாவி தம்பியிடம், ஒன்று இப்போதைக்கு என்னிடம். மூன்றாவது யாரிடம் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். என்னிடம் இருப்பது சரியா என்று கேட்க நினைப்பவர்களும் அங்கேயே கேட்கலாம், பெண் ஒருத்தியிடம் எதற்கு என்று ஒருவர் ஏற்கனவே கேட்டாராம், அவரும் வரட்டும். பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், வயதான உம்மாமாரையும் அழைத்து வாருங்கள். பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் ஒழுங்கையில் கிணற்றுக்கு மேற்கே இரண்டு வீடுகளின் பெயர் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. 1990இல் அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.